முதலுதவிப் பெட்டியின் சாவி

1. பதிவேடு

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் நான் ஸ்டோர் கீப்பர். முதலுதவிப் பெட்டியின் சாவியைக் கொடுத்த அன்று முதலாளி ஒன்றுதான் சொன்னார்.

"மாத்திர இருக்கறப்ப லீவு எதுக்குங்க?"

பஞ்சு தீர்ந்தால் வாங்க ஒரு மாதம் ஆகும். டைக்ளோஃபினாக் வலி மாத்திரை மட்டும் தீரவே தீராது. மோல்டு தூக்குகிறவர்களுக்கு முட்டி வலி, பினிஷிங்கில் இருப்பவர்களுக்கு விரல் வலி. நான் ஒரு பதிவேடு திறந்தேன்: தேதி, பெயர், புகார், கொடுத்தது, கையொப்பம். சிவப்பு மையில் கோடு. சோதனைக்கு வந்த அதிகாரி, மாதிரிப் பதிவேடு என்று பாராட்டினார். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

2. ஜாடி

அஞ்சலையம்மா கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். பினிஷிங்கில், ஜாடிகளின் விளிம்பை ஸ்பாஞ்சால் துடைக்கும் வேலை. மூட்டுவாதத்தில் விரல்கள் வீங்கியிருக்கும். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு டீ, ஒரு மாத்திரை. நான் ஒன்றுக்கு மேல் கொடுத்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வயிறு எரிகிறது என்றார். கேஸ் மாத்திரை கொடுத்து, பதிந்தேன். வியாழக்கிழமையும் அதே. சனிக்கிழமை கிறக்கமாக இருக்கிறது என்றார். குளுக்கோஸ் கொடுத்தேன். அதையும் பதிந்தேன்.

திங்கட்கிழமை ஜாடியோடு சரிந்து விழுந்தார். ஜாடி உடையவில்லை என்பதை சூப்பர்வைசர் முதலில் உறுதிசெய்தார்.

3. ஆஸ்பத்திரி

ஆட்டோவில் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் மேல் தவறில்லை என்று காட்ட வேண்டாமா?

டாக்டரம்மா அஞ்சலையம்மாவிடம் மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார்.

"ஒரு வாரமா போவுதும்மா. இதப் போயி ஆம்பளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

சாயங்காலம் மெடிக்கலில் வேறொரு வலி மாத்திரையும் வாங்கிப் போடுவாராம். முந்தானை முடிச்சிலிருந்து அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது அதே மருந்து என்றார் டாக்டரம்மா. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்திருந்தது; மலம் கறுத்தது அதனால்தான். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை என்றார். பிறகு என் பதிவேட்டை முழுவதும் புரட்டினார்.

"எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க சார். ஒரு தடவையாச்சும் படிச்சீங்களா?"

4. புதிய பதிவேடு

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தார். அரைநாள் லீவுக்குப் பயந்த முதலாளிக்கு அஞ்சலையம்மாவின் நாற்பது நாள் லீவு பலவற்றைப் புரியவைத்தது. இப்போது டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கிடையாது. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. வேறு எங்கு வாங்கினாலும் அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வயிறு எரிந்தாலோ மலம் கறுத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி. சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பினிஷிங்கில் இருக்கும் பெண்களிடம் சொன்னால் போதும்.

இதற்கெல்லாம் தனித்தனிக் கட்டம் போட்டுப் புதிய பதிவேடு தயார் செய்தேன். வேலைக்குத் திரும்பிய அஞ்சலையம்மா வயிற்றுப்புண் மாத்திரைக்கான டாக்டர் சீட்டோடு வந்து நின்றார். நான் தலை குனிந்து தேதியை எழுதத் தொடங்கினேன்.

"எழுதறது அப்புறம் இருக்கட்டும் சார்," என்றார். "மொதல்ல என் மூஞ்சியப் பாருங்க."