பூசணிக்காய்க்கு முழுக வார்த்தல்

எண்பதுகளின்ர தொடக்கத்தில நான் ஸ்கந்தபுரம் பக்கம் மருத்துவிச்சி. சனம் மிஸி எண்டுதான் கூப்பிடும். பிள்ளைத்தாச்சிப் பெண்டுகளை வாசிகசாலையில பாய் விரிச்சு இருத்தி, பிறந்த பிள்ளைக்கு எப்படி முழுக வார்க்கிறதெண்டு காட்டுறது எனக்குப் பெரிய கொண்டாட்டம். காட்டப் பொம்மை வேணுமே? மேலிடத்தில கேட்டுக் கேட்டு வாய் நொந்துபோச்சு. கடைசியில ஒரு நீத்துப்பூசணிக்காயை வாங்கி, மையால கண்ணும் வாயும் கீறி, பேசினுக்குள்ள வைச்சன். பாரமும் பிள்ளையின்ர பாரம். சவுக்காரம் போட்டால் அசல் பிள்ளை மாதிரியே வழுக்கும். பொம்மையை விடத் திறம்.

"முதல்ல பச்சைத்தண்ணி, பிறகுதான் சுடுதண்ணி. மாறி ஊத்தினியளோ, கொலை விழும்!" எண்டு தொடங்குவன். "முழங்கையை விட்டுப் பாருங்கோ. உள்ளங்கையை நம்பாதேங்கோ, அது சட்டி பிடிச்சுக் காய்ச்சுப்போன கை. இந்தக் கை" எண்டு இடக்கையைத் தூக்கிக் காட்டுவன், "பிள்ளையின்ர கழுத்துக்குக் கீழால போய் அங்கால்ப்பக்கத் தோளைப் பிடிக்கவேணும். மற்றக் கையால கழுவுங்கோ. மூக்குக்குள்ள ஊதுறது, எண்ணெய் விடுறது எல்லாம் என்ர காதில விழக்கூடாது. படலையில ஆர் கூப்பிட்டாலும் பிள்ளையை விட்டிட்டு எழும்பக்கூடாது, அரசாங்க அதிபரே வந்தாலும்!" எனக்கு எப்பவும் சத்தம் கூட. பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பினம்.

அதில ஒருத்தி மலையகப் பிள்ளை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்கட பக்கம் வந்து குடியேறின சனம். தாய் தோட்டத்திலேயே நிண்டிட்டா, மாமி உயிரோட இல்லை. வீட்டில அவளும் கட்டின மனிசனும் மட்டும்தான். "உன்ர முறை, வா" எண்டு கூப்பிட்டன். பயந்து பயந்து பூசணிக்காயைத் தூக்கினாள். வழுக்கிச்சு. சீமெந்து நிலத்தில விழுந்து ரெண்டாப் பிளந்துபோச்சு.

மூலையில இருந்த நிறைமாசக்காரி ஒருத்தி, "அப்பாடா, எல்லாற்ற கண்ணூறு நாவூறும் கழிஞ்சுது!" எண்டாளே பார்க்கலாம். சிரிச்ச சிரிப்பில இவையளுக்கு இங்கேயே பிரசவ நோ வந்திடுமோ எண்டு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது.

அவள் மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள். "வீட்டுல வேற பொம்பள இல்லீங்க மிஸி. நான்தான் குளிப்பாட்டணும். பச்சப் புள்ளையையும் இப்படிப் போட்டுட்டேன்னா?"

"விசர்ப்பெட்டை, பூசணிக்காய்க்குப் பிடிக்கக் கழுத்து எங்க கிடக்கு?" எண்டு ஏசினன்.

யன்னலுக்கு வெளியில அவளின்ர மனிசன் சைக்கிளோட நிண்டான். அவளை ஏத்திக்கொண்டு போக ஒவ்வொரு வகுப்புக்கும் வருவான். "தம்பி, ஆம்பிளையளுக்கு இங்க என்ன அலுவல்? அங்கால போ!" எண்டு கலைப்பன். வேப்பமரத்தடி மட்டும் போவான். நான் திரும்பிப் பார்க்க, பழையபடி யன்னலடியில நிப்பான்.

அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில வயித்தை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தவை. பெம்பிளைப்பிள்ளை. வீட்டுக்கு வந்திட்டாளெண்டு கேள்விப்பட்டவுடன சைக்கிளை மிதிச்சன். வழி முழுக்க ஒரே யோசனை. அவளால குனிய ஏலாது, குந்த ஏலாது. ஆர் அந்தப் பிள்ளைக்கு வார்க்கப் போகினம்? ஆராவது கொதிதண்ணியோட வந்து மூக்கை ஊதிக்கொண்டு நிப்பினமோ?

படலையைத் திறக்க, முத்தத்து வெயிலில பேசின். அதுக்கு முன்னால அந்த மனிசன் சப்பாணி கட்டிக்கொண்டு இருக்கிறான். துவாயும் சட்டையும் பக்கத்தில ஆயத்தமாய்க் கிடக்கு. பச்சைத்தண்ணி ஊத்தினான். பிறகு சுடுதண்ணி. முழங்கையை விட்டுப் பார்த்தான். பிள்ளையைத் தூக்கினான் பாருங்கோ, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வலக்கையால கழுத்தைத் தாங்கி, இடக்கையால கழுவுறான்!

"டேய் தம்பி, கை மாறிப் போச்சு!" எண்டு கத்தினன்.

மிஸியைக் கண்டால் எழும்பி நிக்கிறவன், அசையேல்லை. பிள்ளையில இருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்க இந்தக் கையிலதாங்க புடிச்சீங்க" எண்டான்.

அப்பதான் எனக்கு விளங்கிச்சு. யன்னலுக்கு அங்கால நிண்டு என்னை நேருக்கு நேர் பார்த்தவன். என்ர இடக்கை அவனுக்கு வலப்பக்கம். கண்ணாடியில தெரியிற மாதிரி எல்லாத்தையும் அச்சொட்டாப் படிச்சு வைச்சிருக்கிறான்! கிட்டப் போய்ப் பார்த்தன். பிடி இரும்புப் பிடி. பிள்ளை அழாமல் தேப்பனையே பார்த்துக்கொண்டு கிடக்கு. மாத்திப் பிடி எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. அண்டைக்கு எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை.

தையல் நல்லா ஆறினபிறகு இன்னொருக்காப் போனன். அண்டைக்கும் அவன்தான் பேசினடியில. "இனி நீயே வார்க்கலாம் பிள்ளை, பயப்பிடாதை" எண்டு அவளுக்குச் சொன்னன்.

"பயமெல்லாம் போயிருச்சுங்க மிஸி" எண்டு அவள் மனிசனை முறைச்சாள். "இந்த ஆளுகிட்டருந்து புள்ளைய வாங்கிக் குடுங்க, அது போதும்."

அவன் பிள்ளையைத் துவாயில சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, "நாளைக்குத் தர்றேன்" எண்டான்.

"நேத்தும் இதைத்தாங்க சொன்னாரு" எண்டாள் அவள்.