நான் அழித்த ஸ்டிக்கர்

சின்ன வயதில் நான் விழுந்து விழுந்து படித்த கதைகளில் எல்லாப் பேய்க்கும் வெள்ளைப் புடவைதான். போன வாரம் நான் எழுதி இங்கே பதிவிட்ட கதையில், என் பேய்க்கு ஒரு வேலையும் கொடுத்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்த பீஸில் பழுது பார்ப்பது.

இன்று பெருமாநல்லூர் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க கம்பெனி செக்கிங் டேபிள்ல செத்துப்போனவ ஒருத்தி நிக்கிறாளாமுங்க அக்கா."

என் கதை! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"டேமேஜ் பீஸ்ல ஒட்டற சிவப்பு ஸ்டிக்கரை, புடிக்காதவங்க முதுகுல ஒட்டிப்போடுவாளாமுங்க."

காலரை இறக்கிவிட்டேன். அந்த ஸ்டிக்கரையும் நான் எழுதியிருந்தேன். ஆனால் பதிவிடும் முன்பே அழித்துவிட்டேன். யாரிடமும் சொன்னதுகூட இல்லை.

இப்போது ஆபீஸில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வந்து என் முதுகைப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மட்டும் சொல்லுங்கள்.