லோர்னா கண்ணால் கேட்ட வசனம்

லோர்னா நோஸ்கிக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள், காது போய்விட்டது. அவளை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கையால் ஜாடை காட்டினால் விரல்களில் அடி விழும். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழக்கினார்கள். பதினைந்து வயதில் சொந்த ஊரான குவோர்னுக்குத் திரும்பி, கடைத்தெரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் பேசுவாள், ஆனால் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே கோடாகப் போகும். உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் அவர்களிடம் மட்டும் நோட்டில் எழுதிக் காட்டுவாள்.

வீட்டில் டெலிவிஷன் பெட்டி இருந்தது. அதில் பேசுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார்கள், சிகரெட்டைக் கடித்துக்கொண்டு பேசுவார்கள். அவளுக்கு எல்லாமே பாதிக் கதைதான். ஒருவர் மட்டும் விதிவிலக்கு. செவ்வாய்க்கிழமை போலீஸ் தொடரில் சார்ஜெண்டாக வந்த கிளைவ் ஹாராட். காமிராவை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையையும் மென்று கொடுப்பதுபோல் பேசுவார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி நடிக்கிறார் என்று ஒரு பத்திரிகை கேலி செய்திருந்தது. லோர்னாவுக்கு அவர் பேசுவதில் முக்காலே மூன்று வீசம் புரிந்தது. அவருக்குப் பதினான்கு கடிதம் எழுதினாள். அச்சடித்த கையெழுத்தோடு ஒரு போட்டோ வந்தது. அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள்.

"என்ன, சார்ஜெண்டைக் கட்டிக்கப் போறியா?" என்று அண்ணன் மெர்வ் கேட்பான்.

"ஒன்னை மாதிரி ஒருத்தனைக் கட்டிக்கிறதுக்கு அது தேவலை" என்பாள். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்குப் பதினேழு நடந்த வருஷம், ஜூலை மாதக் குளிரில், ஊருக்கு வடக்கே இருபது மைல் தள்ளி ஒரு சினிமா கம்பெனி வந்து இறங்கியது. ஆளில்லாமல் கிடந்த ஒரு கல்வீட்டில் படப்பிடிப்பு. கதாநாயகன் கிளைவ் ஹாராட். மெர்வுக்கு அங்கே வேலை கிடைத்தது. புழுதி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கிற லாரியை ஓட்டுவது. இரண்டாம் வாரம் மேக்கப் போடுகிற பெவ்விடம் பேசித் தங்கையைக் கூட்டிவர அனுமதி வாங்கிவிட்டான். லோர்னா ஒரு நாள் லீவு போட்டாள். இருக்கிறதிலேயே நல்ல கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். பேக்கரியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறைய லாமிங்டன் கேக் வாங்கி மடியில் வைத்தபடி லாரியில் ஏறினாள். அவரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

போய் இறங்கினால் கிளைவ் ஹாராட்டுக்கு முகம் நிறையத் தாடி. மேலுதட்டை முழுசாக மூடிய மீசை. ஒன்பது வருஷம் காட்டில் அலைந்து வீடு திரும்புகிற மகன் வேஷம் அவருக்கு.

மெர்வ் இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினான். கிளைவ் கை குலுக்கினார், கேக்கை எடுத்துக் கடித்தார், ஏதோ சொன்னார். மயிர் அசைந்தது. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் மயிர்தான் அசைந்தது. லோர்னா தலையை ஆட்டினாள். ஒத்திகை பார்த்தது அத்தனையும் மறந்துவிட்டது. கூச்சப்படுகிற பெண் என்று நினைத்து, அவர் அவள் தோளைத் தட்டிவிட்டுக் காமிராப் பக்கம் போய்விட்டார்.

"ஏன் ஊமை மாதிரி நின்னே?" என்றான் மெர்வ்.

"தாடி வச்சிருக்கான்னு நீ சொல்லவே இல்லையே."

"தாடில என்ன இருக்கு?"

அவள் விலகி நடந்தாள். சாப்பாட்டு வண்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பால்கேன் மேல் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. இனி சாயங்காலம்தான் லாரி ஊருக்குத் திரும்பும் என்பதுதான் அவள் கவலை.

வேறு வேலை இல்லாததால் அடுத்த காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மகன் வந்து வாசலில் நிற்கிறான், கிழவி கதவைத் திறக்கிறாள். கிழவியாக நடித்தவர் டோரிஸ் பென்ரித், எழுபதைத் தாண்டியவர். "நீ வருவேன்னு எனக்குத் தெரியும்" என்பதுதான் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த வசனம். அதை ஐந்து தடவை சொன்னார். ஐந்து தடவையும் டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

ஆறாவது தடவை டோரிஸ் கதவைத் திறந்து, மகனை மேலும் கீழும் பார்த்து, வேறு என்னவோ பேசினார். பேசப் பேச அவர் தாடை நடுங்கியது. எதிரே நின்ற கிளைவ் தொப்பியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து, காட்சி முடிந்துவிட்டது என்று நினைத்து மெர்வ் லாரியைக் கிளப்பினான்.

சத்தம் லோர்னாவுக்குத் தெரியாது. எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் லாரிப் பக்கம் திரும்பியதுதான் தெரிந்தது. டைரக்டர் கையிலிருந்த காகிதத்தைத் தரையில் அடித்துவிட்டு ஓடினார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் ஒன்றுகூட அவளுக்குத் தப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத வார்த்தைகள் சிலவும் அதில் இருந்தன.

"இந்த வருஷம் முழுக்க எடுத்ததிலேயே இதுதான்யா நல்ல ஷாட்! பாவி, கெடுத்துட்டியே! இறங்குடா, இறங்கி நடந்தே ஊருக்குப் போ!"

சவுண்டு எடுக்கிறவர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுக் கையை விரித்தார். டேப்பில் லாரி மட்டும்தான் இருந்தது. படம் நன்றாக விழுந்திருந்தது, பிற்பாடு ஸ்டுடியோவில் டப்பிங் செய்துகொள்ளலாம். ஆனால் டோரிஸ் என்ன சொன்னார் என்று தெரிந்தால்தானே வாயசைவுக்கு ஒத்துப் பேசமுடியும்? கிளைவைக் கேட்டார்கள். முதல் வரியோடு தான் அப்படியே ஆடிப்போய்விட்டதாகவும், மற்றதை லாரிச் சத்தம் விழுங்கிவிட்டதாகவும் சொன்னார். டோரிஸையே கேட்டார்கள்.

"என்னமோ வாயில வந்துச்சு, சொன்னேன்" என்றார் அவர். "என்னைப் போட்டுக் கொடையாதீங்கப்பா. நெசமாவே எனக்கு ஞாபகம் இல்லை."

இந்த விசாரணையை, கிளைவின் பதில் நீங்கலாக, லோர்னா பால்கேன் மேல் உட்கார்ந்தபடி தூரத்திலிருந்தே படித்துக்கொண்டிருந்தாள். மெர்வ் லாரியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதிய தாளைக் கிழித்துக்கொண்டு நேரே டைரக்டரிடம் போய் நீட்டினாள்.

டைரக்டர் எரிச்சலோடு வாங்கினார், வாசித்தார், டோரிஸிடம் கொடுத்தார். டோரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"காலைத் துடைச்சிட்டு உள்ள வா. ஒம்போது வருஷம் கழிச்சும் ஒனக்கு இதச் சொல்லணுமா? ஒன் நாய் செத்துப்போச்சு. ஒங்கப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. நாய்தான்..." இங்கே ஒரு கோடு போட்டு, 'முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், இரண்டு வார்த்தை தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

டோரிஸ் தாளிலிருந்த கோட்டை விரலால் தொட்டார். "நாய்தான் ரொம்பத் தேடிச்சு" என்றார் மெதுவாக. "ஆமா. அதான் சொன்னேன். இந்தப் பொண்ணு எங்கே நின்னுச்சு?"

"அவ அங்கதான் ஒக்காந்திருந்தா, சாப்பாட்டு வண்டிகிட்ட" என்றான் மெர்வ். "அவளுக்குக் காது கேக்காதுங்க."

டைரக்டர் பால்கேனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். ஐம்பது கஜத்துக்குக் குறையாது. பிறகு மெர்விடம், "லாரியை அந்த மரத்துக்குப் பின்னாடி நிறுத்து. நான் வந்து ஒன் கன்னத்துல தட்டினாத்தான் எடுக்கணும்" என்றார். வேலை பிழைத்தது.

கிளைவ் ஹாராட் லோர்னாவிடம் வந்தார். ஏதோ கேட்டார். அவள் தயங்காமல் நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'டெலிவிஷனில் நீங்கள் ஒருவர் பேசுவதுதான் எனக்குப் புரியும். அதனால்தான் கடிதம் எழுதினேன். இன்று நீங்கள் பேசியது ஒன்றும் புரியவில்லை. மீசை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பி, மீசையைப் பரபரவென்று உரித்தார். ஒட்டு மீசை. மேலுதடு ரத்தச் சிவப்பாக இருந்தது. பெவ் கையில் பிரஷோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குப் பைத்தியமா? முக்கால் மணி நேரம் ஒக்காந்து ஒட்டினேன்! கோந்து வேற தீர்ந்துபோச்சு!"

"அவ திட்டுறா, நீ படிக்காதே" என்றார் கிளைவ் லோர்னாவிடம், ஒவ்வொரு வார்த்தையாக மென்று. லோர்னா வாய்விட்டுச் சிரித்தாள். வெளியூர்க்காரர் நடுவில் அவள் குரல் எழுப்பியது அன்றுதான்.

"என் நடிப்பைப் பத்திப் பேப்பர்ல எழுதுறதைப் படிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"படிச்சிருக்கேன். பல் டாக்டர்" என்றாள் லோர்னா, சத்தமாகவே.

"அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம். எங்க தாத்தாவுக்குக் காது மந்தம். அவரோட வளர்ந்தேன். நல்லா வாயைத் திறந்து பேசலைன்னா சோறு கெடைக்காது." அதற்குள் பெவ் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். அன்றைக்கு அடுத்த காட்சி ஒரு மணி நேரம் தாமதம். அதற்காக டைரக்டர் பேசியதையும் லோர்னா படித்தாள்.

படம் அடுத்த வருஷம் வெளிவந்தது. போர்ட் அகஸ்டாவில், காரில் உட்கார்ந்தபடியே பார்க்கிற திறந்தவெளிக் கொட்டகையில், குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். தாடிக்காரர் பேசியது ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. வாசல் காட்சி வந்தபோது சுற்றிலும் இருந்த கார்களில் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். மெர்வ் மட்டும் லாரி தெரிகிறதா என்று திரையின் மூலையில் தேடிக்கொண்டிருந்தான். படம் பெரிதாக ஓடவில்லை.

சினிமா கம்பெனியிலிருந்து அவளுக்கு வேறு அழைப்பு எதுவும் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. இருபத்தைந்தாம் வயதில் ரயில்வேயில் வேலை பார்த்த டிரெவரைக் கல்யாணம் செய்துகொண்டு போர்ட் அகஸ்டாவுக்குப் போனாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சேர்ந்து, கடைசியில் அதற்கே பொறுப்பாளராக ஆனாள். இயந்திரங்களின் இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்கு எல்லார் பேச்சையும் உதட்டில் படித்துக்கொண்டு வேலை வாங்குவாள்.

பல வருஷம் கழித்து, வசனத்தைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதி வந்தது. டிரெவர் அதற்கான பெட்டியை வாங்கிவந்து பொருத்தினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய போலீஸ் தொடரை மறுபடி போட்டார்கள். லோர்னா துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். சார்ஜெண்ட் ஒரு கல்லறை முன்னால் நின்று பேசுகிற காட்சி வந்தது. "நான் வீட்டுக்கு வந்துட்டேன்" என்று அவர் சொல்வதாகவே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அடியில் எழுத்து ஓடியது: "சாவியை வண்டியிலேயே விட்டுட்டேன்."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு வந்த காட்சிகளில் இன்னும் நாலு இடம் அப்படித் தப்பாக இருந்தது.

"என்ன ஆச்சு?" என்று டிரெவர் அவள் முகத்துக்கு நேரே வந்து கேட்டான். சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எழுத்தை நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் லோர்னா. "கொலை பண்ணினது யாருன்னு நான் நினைச்சதாவது சரியான்னு பார்க்கணும்."