கையைத் தூக்கினால் நிறுத்துவேன்

திருத்தணியில் அந்தப் பல் டாக்டரம்மாவை ஒரே ஒரு முறைதான் சந்தித்திருக்கிறேன். நரைத்த தலை, கணீரென்ற குரல். எந்தக் கருவியையும் முதலில் குழந்தையின் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. முன்பு வேறோர் ஊரில், நானே அவளை அமுக்கிப் பிடிக்க, பல்லைப் பிடுங்கினார்கள். அதன்பிறகு எந்தப் பல் டாக்டரிடமும் வாயைத் திறந்து காட்ட மாட்டாள்.

"வலிச்சா கையத் தூக்கு கண்ணு. உடனே நிறுத்திடறேன்" என்றார் டாக்டர்.

சொத்தையைச் சுரண்டத் தொடங்கியதுமே தூக்கினாள், நிறுத்தினார். மறுபடி தூக்கினாள், மறுபடியும் நிறுத்தினார். மூன்றாம் முறை, "வலிக்கல, சும்மாதான்" என்றாள். வெளியே கூட்டம் காத்திருந்ததால் நான் அதட்டினேன்.

"திட்டாதீங்க. நெஜமாவே நிறுத்தறனான்னு பாத்துகினு இருக்கா. பாக்கட்டும்ங்க."

அப்புறம் பல்லை அடைத்து முடிக்கும்வரை அவள் கையைத் தூக்கவே இல்லை.

"இன்னொரு பல்லுக்கும் இவங்ககிட்டயே வரலாம் நைனா" என்றாள். பெற்ற எனக்குப் புரியாத அவள் பயம், அந்த அம்மாளுக்கு எப்படிப் புரிந்ததோ! நினைக்கும்போதெல்லாம் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.