பேக்கேஜுக்கு ஒரு ஃபைல்

தாராவியில் எங்கள் லெதர் பேக் பட்டறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் நானும் தங்கையும் பல வருடம் சேர்ந்திருந்தோம். பேக் டிசைன் வரையும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டது அவள்தான். கல்யாணமாகி சான்பாடா போன பிறகும், அப்டேட் பாதியில் நின்றுவிட்டதென்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள். வேலை கால் மணி நேரம்தான். ஆனால் சாயங்காலம் வரை இருந்து பேசிவிட்டுப் போவாள்.

பிள்ளை பிறந்ததும் அது குறைந்தது. இந்த மழைக்காலத்தில் அப்டேட் மறுபடி நின்றபோது போனிலேயே வழி சொன்னாள். அக்காவான என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"லாத்தா, எந்தப் பேக்கேஜுக்கு, அதான் சாஃப்ட்வேருக்கு, என்ன வசதி வேணும், வேண்டாம்ங்கிறதெல்லாம் ஒரே ஃபைல்ல கெடக்கு. ஒரு ஃபோல்டர் போட்டு, பேக்கேஜுக்கு ஒரு ஃபைலா பிரிச்சு வையி. பொறவு நீயே பாத்துக்கிடலாம்."

அந்த ஃபைலைத் திறந்தேன். அவள் அவ்வப்போது அவசரத்தில் எழுதிவிட்டுப் போன வரிகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதே பெயரில்தான் ஃபோல்டர் வேண்டும் என்பதால் முதலில் பழைய ஃபைலின் பெயரை மாற்றினேன். பிறகு பிரிண்டருக்கு ஒன்று, டிசைன் வரையும் சாஃப்ட்வேருக்கு ஒன்று, தமிழ் எழுத்துருக்களுக்கு ஒன்று என்று பிரித்தேன். எப்போதோ அழித்துவிட்ட வீடியோ ப்ளேயருக்கான வரிகளும் இருந்தன. நாங்கள் இருவரும் சேர்ந்து சினிமா பார்த்தது அதில்தான். அவற்றை எந்த ஃபைலிலும் சேர்க்கவில்லை.

அப்டேட் போட்டால் பழைய தகராறே வந்தது. வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது: பழைய ஃபைலையும் புது ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் அதையும் சேர்த்துப் படித்திருக்கிறது. வெளியே எடுத்ததும் எல்லாம் ஓடியது.

போன் போட்டுச் சொன்னேன். "அப்பாடா, இனி ஒனக்கு நான் வேண்டாம்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது ஞாயிறு குர்லாவில் ரயில் மாறி நானே சான்பாடா போனேன். கதவைத் திறந்தவள் முகத்தில் பயம்.

"என்ன லாத்தா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. சும்மாத்தான் வந்தேன்."

பிள்ளைக்குக் காய்ச்சல். மாமியார் ஹாலில் படுத்திருந்தார். தங்கை உட்காருவதும் எழுந்து ஓடுவதுமாக இருந்தாள். ஃபைல்களைப் பிரித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் குக்கரை அணைக்கப் போனாள். திரும்பி வந்து மீதியைக் கேட்கவில்லை. இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னாள். பட்டறையில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை என்பது அவளுக்கும் தெரியும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் வரை கூடவே வந்தாள்.