கொடுத்த பிள்ளையும் கொடுக்காத பிள்ளையும்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் அருமைநாயகத்துக்குப் பெற்றோர் வைத்த பெயர் காசி. தேவமணி டீச்சரைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கினார். அண்ணன் மூக்காண்டி கொஞ்ச காலம் முகம் கொடுக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டார். பாதிக் குடும்பம் கோவிலுக்கும் பாதி சர்ச்சுக்கும் போவது எங்கள் பக்கம் அதிசயமா என்ன?

எழுபத்திரண்டில், புளியங்குடியில் மூக்காண்டியின் மனைவி இரட்டைப் பெண்களைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். எலுமிச்சை வியாபாரத்துக்கு அலைகிற மனுஷர் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சொந்தக்காரர்கள் முன்னால், ஒரே நாளில், பிள்ளையில்லாத இரண்டு வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார். கரிவலம்வந்தநல்லூர் அக்கா பிச்சம்மாளுக்கும் அவள் புருஷனுக்கும் பேச்சித்தாய். தம்பி அருமைநாயகத்துக்கு ஞானபூரணம்.

ஏழு வருஷம் கழித்து, இரண்டாம் தாரத்துக்கும் பிள்ளை இல்லாமல் போகவே மூக்காண்டி வக்கீலைப் பார்த்திருக்கிறார். அக்காவுக்குக் கொடுத்தது சட்டப்படி தத்து, திரும்பக் கேட்க முடியாது. கிறிஸ்தவருக்குத் தத்துச் சட்டமே கிடையாது, ஆகவே ஞானபூரணம் இன்னும் உம்முடைய பிள்ளைதான் என்றாராம் வக்கீல். மனுஷர் நேரே இங்கே வந்து நின்றார்.

அருமைநாயகம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு அதே வக்கீலிடம் ஓடினார். எல்லா மதத்துக்கும் பொதுவான தத்து மசோதா ஒன்று டெல்லியில் வந்து, எதிர்ப்புக் கிளம்பி, போன வருஷம் வாபஸ் ஆகிவிட்டதாம். பிள்ளையின் நலனைச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாமாம், ஜெயிக்குமா என்று சொல்ல முடியாதாம். மறுபடி காசி ஆகிவிட்டால்? அப்போதும் அண்ணன் புதிதாகத் தத்துக் கொடுத்தால்தான் உண்டாம். எனக்குத் தலை சுற்றியது.

பக்கத்துக்கடை டெய்லர் நஜ்முதீனிடம் புலம்பினேன். பிள்ளையை வளர்ப்பது புண்ணியம், ஆனால் பெற்றவன் பெயரை மாற்றுவது தன் மார்க்கத்தில் கிடையாது, பொதுச் சட்டம் தனக்கு வேண்டாம் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்படியானால் அருமைநாயகம் கேட்பது அநியாயமா? அதுவும் இல்லையே.

கடைசியில் அவர் அண்ணனிடம் கேட்டது இவ்வளவுதான். "ரெண்டு பிள்ளையையும் ஒண்ணு போலதானண்ணே தந்த?"

"ஒண்ணு போலதாம்ல தந்தேன். ஆனா திரும்பக் கேக்க எனக்கு இவ மட்டுந்தான இருக்கா," என்றார் மூக்காண்டி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

பிள்ளையைக் கோர்ட்டில் நிறுத்த தேவமணி டீச்சர் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை நாங்கள் புளியங்குடி பஸ்ஸில் ஏற்றப் போனோம். ஞானபூரணம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பேச்சித்தாயும் வருவாளா என்று கேட்டாள்.

"அவ வரமாட்டா மக்கா. அவுக அப்பா விடமாட்டாக," என்றார் அருமைநாயகம்.

அவள் அவரையே பார்த்தாள்.

"நீங்க மட்டும் ஏம்ப்பா விடுதிய?"