கேட்காமல் வந்து உட்கார்ந்த உதவியாளர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாத மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம். திருவனந்தபுரம் கரமனையில், எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. கம்ப்யூட்டரில் சிஸ்டத்தை மாற்றிய கதைதான். இதில் மறக்க முடியாதபடி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் முப்பது வருடம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். வேலையை விட்ட பிறகு, மலையாளத்தில் உள்ள ஆதாரங்களை வீட்டில் இருந்தபடியே தமிழாக்கித் தருகிறேன். பத்திரத்துக்கு இங்கே ஆதாரம் என்றுதான் பெயர். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. சொத்து கேரளத்தில் இருக்கும், பிள்ளைகளோ நாகர்கோவிலிலும் மதுரையிலும் இருப்பார்கள். அவர்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். தமிழில் அடித்து முடித்ததும், என் கணவர் மலையாள மூலத்தைச் சத்தமாக வாசிப்பார். நான் தமிழ்ப் பிரதியில் விரலை வைத்துக்கொண்டே போவேன். ஒத்துப் பார்ப்பது என்று சொல்வோம். அவர் வேகமாக வாசிப்பார், நான் கத்துவேன், அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காப்பி கேட்பார். ஆதாரத்துக்கு ஒரு சண்டை என்று கணக்கு. ஆனால் அப்படி ஒத்துப் பார்க்காமல் ஒரு தாளைக்கூட நான் வெளியே விட்டதில்லை.

அந்த மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கண்ணுக்கு மூடி போட்டு, வாசிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஆதாரம் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு டீச்சர். பாறசாலைப் பக்கம் அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார், கம்ப்யூட்டர் லேபையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவின் வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த வீட்டை அப்பா மகனுக்கு எழுதிவைத்து, மகள் சாகும்வரை அங்கே இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். மகன் நாகர்கோவிலில் இருக்கிறார். இப்போது வீட்டின் பின்பக்கத்தை இடித்து வாடகைக்கு அறைகள் கட்ட அவர் நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் எல்லோரும் கூடி, ஆதாரத்தில் உள்ளபடி ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறார்கள். அண்ணனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மலையாளம் தெரியாது.

டீச்சருக்கு இரண்டு மொழியும் தெரியும். நீங்களே எழுதலாமே என்று கேட்டேன்.

"நான் எழுதினா எனக்க அண்ணன் நம்ப மாட்டான் சேச்சி. வேற ஆளு எழுதி, சரியின்னு கையெழுத்து போட்டுத் தரணும். அவனுக்கும் ஒரு காப்பி நேரா அனுப்பிருங்க" என்றார்.

நானும் உட்கார்ந்து அடித்தேன். ஆறு பக்கம் வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் என் கம்ப்யூட்டர் தானாக ஏதோ அப்டேட் செய்துகொண்டு, ஓரத்தில் ஒரு புது ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. ஏஐ உதவியாளராம். கூப்பிடாமலே எட்டிப் பார்க்கும். அதுவும் தமிழில். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தை வரவழைக்க அந்தக் காலத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது சுத்தமான தமிழில் "உங்கள் ஆவணத்தை மெருகேற்றட்டுமா?" என்று கேட்டதும் மயங்கிப் போனேன். கணவரின் கண்ணுக்குப் பதில் இது இருக்கட்டுமே என்று, சரி என்பதை அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தது. மேலாக ஒரு பார்வை பார்த்தேன். வாக்கியங்கள் அழகாக இருந்தன. ஆறு பக்கம் ஐந்தாகியிருந்தது. இடைவெளி ஏதோ குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கீழே 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்ற வழக்கமான வரி. அதன் அடியில் என் கையெழுத்து. டீச்சருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று அனுப்பியும்விட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல மழையில், டீச்சர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். மேஜையில் மூலத்தையும் என் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சேச்சி, இதில பின்பக்கத்து அடுக்களையும் கிணறும் உண்டு. உங்க பேப்பர்ல காணலியே."

"எங்கிட்ட அப்படியெல்லாம் விட்டுப்போகாது டீச்சர். முப்பது வருஷ சர்வீசாக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் கண்ணாடியை மாட்டினேன்.

இல்லை. நிஜமாகவே இல்லை. டீச்சரின் அப்பா சொத்தை இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதியிருந்தார். முன்பக்கம் வீடு, பின்பக்கம் அடுக்களையும் கிணறும். முன்பக்கத்தைச் சொல்லி முடித்து, 'என் மகள் தன் ஆயுள் முழுதும் தடையின்றி இருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது, அவளை யாரும் விலக்கக் கூடாது' என்று எழுதியிருந்தார். பின்பக்கத்தைச் சொல்லிவிட்டு, அதே வாக்கியத்தை ஒரு எழுத்துக்கூட மாறாமல் மறுபடி எழுதியிருந்தார். நான் இரண்டையும் அடித்திருந்தேன். மெருகேற்ற வந்த ஆள், ஒரே விஷயம் இரண்டு தடவை வருகிறதே என்று இரண்டாவதை வழித்துத் துடைத்துவிட்டது. அதோடு அடுக்களையும் கிணறும் போயின.

அண்ணன் முந்தின நாளே தங்கைக்குப் போன் செய்திருக்கிறார். அப்பா உனக்கு முன்வீட்டில் இருக்க மட்டும்தான் எழுதியிருக்கிறார், பின்பக்கம் முழுக்க என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றாராம். சமைக்க இடமில்லாமல், ஒரு குடம் தண்ணீருக்கு அடுத்த வீட்டை எதிர்பார்த்துக்கொண்டு அந்த அம்மாள் எப்படி அங்கே இருக்க முடியும்? நான் போட்ட கையெழுத்தைக் காட்டித்தான் அண்ணன் பேசுகிறார்.

டீச்சர் கோபப்படவில்லை. நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான்தான் படபடவென்று கம்ப்யூட்டரின் மேல் பழியைப் போட்டேன். அது கேட்டது, நான் சரி என்றேன், அதுதான் எடுத்துவிட்டது என்றேன்.

உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "கையெழுத்துப் போட்டது அதுவா, நீயா?"

ஒரு கண்ணை மூடி வைத்திருந்தாலும் மனிதருக்கு வாய் மட்டும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அவர் சொன்னது சரிதானே. டீச்சர் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் செய்தேன். தப்பு முழுக்க என்னுடையது, உங்கள் தங்கைக்கு அடுக்களையும் கிணறும் எழுதியிருக்கிறது, ஒத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். முப்பது வருடத்தில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. "அப்போ முழுசும் எழுதி அனுப்புங்கம்மா. ஞாயித்துக்கெழமைக்கு முந்தி எங்கையில கிட்டணும்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

உடனே கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் வரியைத் தொட்டதுமே அந்தப் பெட்டி மறுபடி வந்து, மெருகேற்றட்டுமா என்றது. அணைத்தேன். அடுத்த பக்கத்தில் வந்தது. அதன் மூலஸ்தானம் வரை போய் அணைத்துவிட்டு, மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்தால், திரையில் நீங்கள் பார்ப்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று புதிதாக ஒன்று கேட்டது. எனக்குத் திக்கென்றது. என்னிடம் வருவதெல்லாம் அடுத்தவர் வீட்டு விவகாரம். எந்த மகனுக்கு எழுதவில்லை, ஏன் எழுதவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். என் சொந்த அக்காவிடம்கூட அவற்றைப் பற்றி நான் வாயைத் திறந்ததில்லை.

டீச்சர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்க ஸ்கூல்ல லினக்ஸ்னு வேற சிஸ்டம்தான் சேச்சி. இங்க கவர்மெண்ட் ஸ்கூல் எல்லாத்திலயும் அதுதான். அதில இந்தத் தொந்தரவு கெடையாது. நாளைக்கு சனிக்கிழமை, எனக்கு லீவு. வேணும்னா வந்து மாத்தித் தாறேன்" என்றார்.

யாருக்கு நான் தீங்கு செய்தேனோ அவரே இப்படிச் சொல்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேச்சை மாற்ற, உங்களுக்கு இந்த ஏஐயே பிடிக்காதோ என்று கேட்டு வைத்தேன்.

"அப்படி ஒண்ணும் இல்ல. பிள்ளைகளுக்கு நானே அதைப் பத்தி சொல்லிக் குடுக்கேன். வேணும்னா நாம போய்க் கேக்கலாம். கேக்காம வந்து நம்ம மேஜையில உக்காரப்பிடாது, அவ்வளவுதான்."

சனிக்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பென் டிரைவ். முதலில் என் பழைய ஃபைல்களையெல்லாம் வேறு டிஸ்கில் ஏற்றினோம். அதற்கே பதினொரு மணி ஆகிவிட்டது. என் பயமெல்லாம் தட்டச்சு பற்றித்தான். நான் பழைய டைப்ரைட்டர் முறையில் அடிக்கிறவள். எந்த எழுத்து எங்கே என்று என் விரலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. புது சிஸ்டத்தில் அது இல்லையென்றால் ஆறு பக்கம் அடிக்க ஒரு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமையோ நாளைக்கே.

இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா என்று திரையில் கேட்டது. டீச்சர் கையை எடுத்துக்கொண்டு, நீங்களே அழுத்துங்கள் என்றார். மூன்று தடவை விரலைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தேன். "அழுத்துடி, ரயில் ஏறப்போறவ மாதிரி என்ன யோசனை" என்றார் கணவர். அழுத்தினேன்.

முக்கால் மணி நேரத்தில் புதிய திரை வந்தது. தமிழை வரவழைத்து அடித்தேன். அர்த்தமில்லாத எழுத்துகளாக வந்தன. எனக்கு வேர்த்துவிட்டது. டீச்சர் நிதானமாக ஒரு பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றினார். நாலாவது தடவை என் டைப்ரைட்டர் வந்தது. விரல் போன இடத்தில் எழுத்து இருந்தது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று, ஒரே வரியை மூன்று தடவை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. எழுதியது எழுதியபடி இருந்தது. எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

பிரிண்டர் மட்டும் வீம்பு பிடித்தது. அதை டீச்சர் வழிக்குக் கொண்டுவருவதற்குள் நான் சமையலை முடித்தேன். மாம்பழப் புளிசேரி செய்திருந்தேன். டீச்சர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் உட்கார்ந்து, மெருகேற்றிய பிரதியை நம்பாமல் ஆதாரத்தை முதலிலிருந்து அடித்தேன். நாலு மணிக்கு முடிந்தது.

இனி ஒத்துப் பார்க்க வேண்டும். கணவரால் முடியாது. டீச்சர் தானே மூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் மலையாளத்தில் வாசிக்க, நான் தமிழில் விரலை வைத்துக்கொண்டு போனேன். வகுப்பில் வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தித் தெளிவாக வாசித்தார். முன்பக்கத்து வீடு முடிந்தது. என் மகள் என்ற அந்த வாக்கியம் வந்தது. வாசித்தார். பின்பக்கம் வந்தது. அடுக்களை, கிணறு, கிணற்றுக்குப் போகிற வழி. மறுபடி, என் மகள் என்று தொடங்கினார். அங்கே குரல் நின்றுவிட்டது.

நான் தலையைத் தூக்கவில்லை. மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவுக்குத் தெரியும் சேச்சி" என்றார் டீச்சர். "அண்ணன் ஒரு தடவ பறஞ்சா கேக்க மாட்டான். சின்னதிலேயே அப்படித்தான். அதான் ரெண்டு தடவ எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். கூடவே, முதல் பிரதியில் வந்த பிழை என்னுடையது, அதைத் தள்ளிவிடவும் என்று தனித்தாளில் எழுதி அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் அன்றைக்கே அண்ணனுக்கு அனுப்பினோம்.

திங்கட்கிழமை மத்தியானம் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனே எல்லோர் முன்னாலும் தமிழில் முழுவதையும் சத்தமாக வாசித்தாராம். இரண்டாவது தடவை அந்த வாக்கியம் வந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டாராம். அறைகளைக் கிழக்குப் பக்கம் தள்ளிக் கட்டிக்கொள்வதாக எழுதி, தானே முதலில் கையெழுத்துப் போட்டாராம். அடுக்களையையும் கிணற்றையும் யாரும் தொடவில்லை.

கணவரின் கண் சரியாகி, ஒத்துப் பார்க்கிற சண்டைகள் எங்கள் வீட்டில் பழையபடி நடக்கின்றன. ஒரு தகப்பன் பயந்து பயந்து தன் மகளுக்காக இரண்டு முறை எழுதியதை, அதிகப்படி என்று எடுத்துப்போட ஒரு நிமிடமாவது நானும் உடந்தையாக இருந்தேனே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால் யாராவது சொன்னதையே திரும்பச் சொன்னால், இப்போதெல்லாம் அதை நான் இரண்டாவது முறையும் முழுவதாகக் கேட்கிறேன்.